வெள்ளம் புகுந்த வீட்டுக்கு வந்த சீரமைப்புச் சேவை: விலைப்பட்டியலின் சொற்களும் சுவரின் ஈரமும்

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் முழுவதும் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், சென்னை வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. புயல் 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. எங்கள் தெருத் தண்ணீர் வடிய 7ஆம் தேதி மாலை ஆனது. 2015 வெள்ளத்தின்போது துடைப்பமும் பினாயிலுமாக நாங்களே வீட்டைக் கழுவி, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்து, அடுத்த ஆடி வருவதற்குள் அந்தச் சுவரெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்ததைக் கண்டவர்கள் என்பதால், இம்முறை வெள்ளச் சேதச் சீரமைப்பு என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். அவர்களது வேலையைப் பற்றியும், அதற்கு முன்னதாக அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலின் சொற்களைப் பற்றியும் விரிவாக எழுத நினைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அவர்கள் வேலையில் மெச்சத்தக்கவையும் உண்டு, குறைகளும் உண்டு. அதைவிட முக்கியமானது, சென்னையில் இந்தத் தொழிலில் யாரை அழைத்தாலும் ஏறத்தாழ இதே சொற்கள்தான் வருகின்றன. அந்தச் சொற்களில் எதற்கு நம் வீட்டில் பொருள் உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்று எங்களால் கணிக்க முடிந்தது.

7ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் பதினொரு வரிகள் இருந்தன. மொத்தம் 86,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. வாட்டர் மிட்டிகேஷன், கேட்டகரி 3 கிளீனிங், ஃப்ளட் கட், ஸ்ட்ரக்சுரல் டிரையிங், ஆன்ட்டிமைக்ரோபியல் ட்ரீட்மென்ட், ஃபாகிங், மோல்ட் ரெமெடியேஷன், கன்டென்ட்ஸ் ரெஸ்டோரேஷன் என்று அது நீண்டது. எந்த வரி எதற்கு என்று தொலைபேசியில் கேட்டபோது, “எல்லாம் சேர்ந்து ஒரே பேக்கேஜ்தான் மேடம்” என்ற பதில்தான் கிடைத்தது. சாக்கடை நாற்றத்துக்கு நடுவே, நனைந்த மெத்தையை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பவரிடம் இப்படிப் பேசுவது முறையல்ல. இந்தச் சேவையின் முதல் குறையாக இதைப் பதிவு செய்கிறேன். மறுநாள் காலை அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் ஒவ்வொரு வரியாக விளக்கம் கேட்டோம். பதில் சொன்னவர் அலுவலகத்துக்காரர் அல்லர். வேலைக்கு வந்த தொழில்நுட்பப் பணியாளர்களில் மூத்தவரான ஓர் இளைஞர். அவருடைய பொறுமைக்காகவே இந்த நிறுவனத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

மிட்டிகேஷன், ரெமெடியேஷன், ரெஸ்டோரேஷன் ஆகிய மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலித்தாலும் வெவ்வேறு வேலைகள். மிட்டிகேஷன் என்பது நேர்ந்த சேதம் மேலும் பரவாமல் தடுப்பது: தண்ணீரை இறைப்பது, சேற்றை அள்ளுவது, ஊறிய பொருள்களை வெளியேற்றுவது, ஈரத்தை இறக்குவது. ரெமெடியேஷன் என்பது பூஞ்சை, கழிவுநீர்க் கிருமி போன்றவற்றை அகற்றுவது. ரெஸ்டோரேஷன் என்பது பூச்சு, பெயின்ட், மரவேலை, மின்வேலை ஆகியவற்றைச் செய்து வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. முதல் வேலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கடைசி வேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கலாம், காத்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு வந்த பட்டியலோ மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பத்து நாளுக்குள் பெயின்ட் அடித்து முடித்துத் தருவதாக உறுதி சொன்னது. 2015இல் நாங்கள் அறியாமல் செய்த தவற்றை இவர்கள் 24,000 ரூபாய்க்கு விற்க முன்வந்திருந்தார்கள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னோம்.

அடுத்து, கேட்டகரி 3. வெறும் மழைத்தண்ணீர்தானே, இதற்கு ஏன் மிக உயர்ந்த கட்டணம் என்று நான் வாதிட்டேன். இந்த இடத்தில் அவர்கள் சொன்னதே சரி. அமெரிக்காவைச் சேர்ந்த ஐஐசிஆர்சி என்ற அமைப்பு வெளியிடும் எஸ்500 என்னும் தர ஆவணம் நீர்ச்சேதத்தைத் தண்ணீரின் தூய்மையை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. குடிநீர்க் குழாய் வெடித்து வந்த தண்ணீர் முதல் வகை. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வழிந்த அழுக்குத் தண்ணீர் போன்றது இரண்டாம் வகை. கழிவுநீரும், வெளியிலிருந்து தரை வழியாக வீட்டுக்குள் புகுந்த வெள்ளமும் மூன்றாம் வகை. தெருவில் ஓடி வந்த மழைநீர் வரும் வழியில் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் தொட்டுவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருகிறது. எலிக்காய்ச்சல் பரவுவதும் இந்தத் தண்ணீரில்தான். வந்த நால்வரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் நீளமான கையுறையும் அணிந்திருந்ததற்குக் காரணம் அதுவே. செருப்போடு நின்றிருந்த எங்களை அவர்கள் மாடிக்கு அனுப்பிவைத்ததும் அதனால்தான். சுத்தமான தண்ணீராகவே இருந்தாலும் இரண்டு மூன்று நாள் தேங்கி நின்றால் அது அடுத்த, மோசமான வகைக்குப் போய்விடும் என்பதையும் அந்த இளைஞர் சொன்னார்.

கேட்டகரியோடு பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் கிளாஸ். தண்ணீர் எவ்வளவு அழுக்கானது என்பதைக் கேட்டகரி சொல்கிறது. அதை உலர்த்துவது எவ்வளவு கடினம் என்பதைக் கிளாஸ் சொல்கிறது. ஒன்று முதல் நான்கு வரை போகும் அந்த வரிசையில் நான்காவது, கான்கிரீட், செங்கல், சிமென்ட் பூச்சு, கெட்டியான மரம் ஆகியவற்றுக்கு உரியது. அவை ஈரத்தை உள்ளே வாங்கிவிட்டால் எளிதில் திருப்பித் தருவதில்லை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் இருப்பதால், அங்கே நான்காம் வகை என்பது தனியாகக் குறிப்பிட வேண்டிய நிலை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் இருபுறச் சிமென்ட் பூச்சும் கொண்ட நம் வீடுகள் முழுக்க முழுக்க அந்த வகையைச் சேர்ந்தவை. எங்களுக்கு வந்த பட்டியலில் கேட்டகரி இருந்தது, கிளாஸ் இல்லை. உலர்த்த எத்தனை நாள் ஆகும் என்பதைத் தீர்மானிக்கும் விவரத்தை விட்டுவிட்டு மூன்று நாள் என்று எழுதியிருந்தார்கள். பின்னால் வந்த தகராறு முழுவதற்கும் வேர் இதுதான்.

ஃப்ளட் கட் என்ற வரியும் இதே காரணத்தால் அடிபட்டது. ஜிப்சம் பலகைச் சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மேலே நேர்கோடாக அறுத்து, ஊறிய பகுதியை எடுத்து எறிந்துவிட்டு, உள்ளே உள்ள சட்டத்தை உலரவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் வீட்டில் அறுக்க எதுவும் இல்லை. “அப்போ இந்த 6,500 எதுக்கு?” என்று கேட்டதற்கு, மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுப்பதைத்தான் அப்படி எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். கொத்த வேண்டிய பூச்சு எது என்பது தட்டிப் பார்த்தால் தெரியும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு பொள்ளென்று ஒலிக்கும், பிடிப்போடு இருப்பது திண்ணென்று ஒலிக்கும். அந்த இளைஞரே சுத்தியலின் பிடியால் கூடத்துச் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே வந்து, சன்னலுக்குக் கீழே இரண்டு முழ அகலத்தில் மட்டும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அதைக் கொத்த எங்கள் கொத்தனாரே போதும் என்றும் சொன்னார்.

இனி வேலை. தண்ணீரை இறைத்ததும் சேற்றை அள்ளியதும் குறை சொல்ல முடியாத நேர்த்தி. எக்ஸ்ட்ராக்‌ஷன் என்று அவர்கள் சொல்வது, தேங்கிய தண்ணீரையும் தரையில் படிந்த ஈரத்தையும் பம்பாலும் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் இயந்திரத்தாலும் திரவமாகவே எடுத்துவிடுவது. ஆவியாக்கி வெளியேற்றுவதைவிட இது பல மடங்கு விரைவானது, மலிவானது. ஆகவே இந்தக் கட்டத்தில் சோம்பினால் அடுத்த கட்டத்தில் நாள் கூடும். நம் வீடுகளில் இதற்கு இணையான இன்னொரு வேலை வண்டலை அகற்றுவது. வண்டல் ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் டைல்ஸ் இடுக்கிலும் கதவு நிலையின் அடியிலும் சிமென்ட்போல இறுகிவிடும், துடைப்பம் பட்டால் தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். வாசலிலிருந்து உள்ளே போகாமல், பின்கட்டின் மூலையிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி ரப்பர் வைப்பரால் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் தள்ள, ஒருவர் முறத்தால் கோணியில் அள்ள, மூன்றாமவர் பின்னாலேயே குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தார். 750 சதுர அடியிலிருந்து வெளியேறிய சேறு இருபத்திரண்டு கோணி. சம்ப்பையும் இறைத்துக் கழுவிக் குளோரின் கலந்து ஊறவைத்து மீண்டும் இறைத்தார்கள். பட்டியலில் இல்லாத அந்த வேலைக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

கிளீனிங், சானிடைசிங், டிஸ்இன்ஃபெக்டிங் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வந்தன. அழுக்கை எடுப்பது முதலாவது; கிருமிகளைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைப்பது இரண்டாவது; கெட்டியான பரப்பில் உள்ள நோய்க்கிருமிகளை அழிப்பது மூன்றாவது. இந்த வரிசை மாறக் கூடாது. சேற்றின் மேலே எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடரைத் தூவினாலும் அதிலுள்ள குளோரின் சேற்றோடு போராடியே தீர்ந்துவிடும்; தரைக்குப் போய்ச் சேராது. வெள்ளத்துக்குப் பிறகு தெருவெங்கும் வெள்ளைக் கோடாகத் தூவப்பட்டிருக்கும் அந்தத் தூளைப் பார்த்து நாம் அடையும் ஆறுதலில் பாதிக்கு அடிப்படை இல்லை என்று அன்று புரிந்தது. மருந்து தெளித்த பிறகு பரப்பு குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் புதிய செய்தி. அவர்கள் கொண்டுவந்த மருந்தின் லேபிளில் 10 நிமிடம் என்று இருந்தது, அவர்களும் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு நின்றார்கள். இதற்கிடையில் நான் குளியலறைக்கு ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனதைக் கண்ட அந்த இளைஞர் ஓடிவந்தார். “அம்மா, அங்க பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கோம். அது மேல ஆசிட் ஊத்தினா குளோரின் கேஸ் வரும், மூச்சு அடைச்சிடும்” என்றார். வெள்ளத்துக்குப் பிந்தைய நாள்களில் இந்த இரண்டும் எல்லா வீட்டிலும் அருகருகே இருக்கின்றன. படிப்பவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் கொள்ள வேண்டும்.

ஃபாகிங், அதாவது மருந்தைப் புகைபோல அறைக்குள் பரப்புவது, 4,500 ரூபாய். கழுவிக் கிருமிநீக்கம் செய்த வெறும் அறையில் அதனால் கூடுதலாக என்ன நடக்கும் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் கிடைக்கவில்லை. அதையும் நீக்கினோம்.

இந்தச் சேவையின் உயிர்நாடி ஸ்ட்ரக்சுரல் டிரையிங், அதாவது கட்டடத்தையே உலர்த்துவது. இயந்திரங்களை இயக்குவதற்கு முன் எங்கள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நனைந்த வயரிங்கில் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவியால் சோதிக்கச் செய்தோம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்கள் மூழ்கியிருந்தன. கூடத்துச் சர்க்யூட்டின் காப்புத்தடை, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறன், ஒரு மெகாஓம்கூடத் தேறவில்லை. தரைத்தளத்தின் மெயினை இறக்கிவிட்டு, மாடியிலிருந்து தனிக் கேபிள் இழுத்துத்தான் இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுத்தோம். இந்தச் சோதனையை நிறுவனம் தானாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

10ஆம் தேதி காலை இரண்டு டீஹியூமிடிஃபையர்களும் மூன்று ஏர் மூவர்களும் ஓடத் தொடங்கின. ஏர் மூவர் என்பது நத்தை ஓட்டு வடிவத்தில் தரையில் கிடக்கும் விசிறி. சுவரை ஒட்டினாற்போலக் காற்றைச் சீவிவிட்டு, பரப்பில் உள்ள ஈரத்தைக் காற்றில் ஏற்றுவது அதன் வேலை. அப்படிக் காற்றில் ஏறிய ஈரத்தைக் குளிர்ந்த சுருளில் படியவைத்துத் தண்ணீராக வடிப்பது டீஹியூமிடிஃபையர். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்தால் பயன் குறைவு: விசிறி மட்டும் ஓடினால் கீழ்ச்சுவரின் ஈரம் மேல்சுவருக்கும் பரணில் உள்ள துணிக்கும் போய்ச் சேரும். சன்னல்களை எல்லாம் மூடச் சொன்னபோது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. காற்றாடத் திறந்துவைத்தால்தான் காயும் என்பது நம் பழக்கம். ஆனால் சென்னையின் டிசம்பர் இரவில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடுவது வழக்கம். சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெளியே வறண்ட வெயில் அடிக்கும் பகல் என்றால் திறந்துவைப்பதே நல்லது. எதைச் செய்வது என்று ஈரப்பதமானியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தை மட்டும் நம்ப முடியாது.

முதல் நாள் மாலை கூடத்தின் ஈரப்பதம் 88 சதவீதமாக இருந்தது. இரு இயந்திரங்களின் குழாய்களையும் குளியலறை வாளியில் விட்டிருந்தோம். மறுநாள் காலைக்குள் நான்கு வாளித் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாமல் சுவரிலும் காற்றிலும் இருந்த தண்ணீர், தெளிவாக, மணமே இல்லாமல் வாளியில் நிற்பதைப் பார்த்தபோதுதான், 2015இல் நாங்கள் பெயின்டுக்குப் பின்னால் எதை வைத்துப் பூட்டினோம் என்பது விளங்கியது. மூன்றாம் நாள் அது ஒன்றரை வாளியாகக் குறைந்து, அறையின் ஈரப்பதமும் 52க்கு இறங்கியது.

13ஆம் தேதி காலை மேற்பார்வையாளர் வேனோடு வந்து, மூன்று நாள் முடிந்துவிட்டது, சுவரும் காய்ந்துவிட்டது என்று இயந்திரங்களைக் கழற்றத் தொடங்கினார். சுவரில் கை வைத்தால் உண்மையிலேயே உலர்ந்துதான் இருந்தது. ஆனால் முதல் நாளே அந்த இளைஞர் எனக்கு மாய்ஸ்சர் மீட்டரைக் காட்டியிருந்தார். இரண்டு ஊசிகளைப் பூச்சில் அழுத்தினால் மின்தடையை அளந்து ஓர் எண் காட்டும் கருவி அது; ஊசி இல்லாமல் பரப்பில் வைத்தே பார்க்கும் வகையும் உண்டு. மரத்துக்கென அளவிடப்பட்ட கருவி என்பதால் செங்கல் சுவரில் அது காட்டும் எண்ணை நேரடியான ஈரச் சதவீதமாகக் கொள்ளக் கூடாது. சுவரில் உப்பு இருந்தால் எண் கூடுதலாகவும் காட்டும். ஆகவே அதே வீட்டில், அதே வகைச் சுவரில், நனையாத ஓரிடத்தில் முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு டிரை ஸ்டான்டர்ட் என்று பெயர். எங்கள் மேல்தளச் சுவரில் அது 13. அன்று காலை கூடத்தில் முழங்கால் உயரத்தில் 38, படுக்கையறை மூலையில் 46. “மேல காஞ்சிருக்கும்மா, உள்ள அப்படியேதான் இருக்கு” என்று முதல் நாள் அவர் சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். எண்களை மேற்பார்வையாளர் முன்னால் வைத்து, காய்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டோம். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, கூடுதலாக 5,000 ரூபாய்க்கு இயந்திரங்களை 18ஆம் தேதி வரை விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். 18ஆம் தேதி அளந்தபோது கூடம் 24, மூலை 31.

அப்போதும் சுவர் முழுமையாக உலரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுமானத்தில் ஊறிய ஈரம் வெளியேற ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. இருபுறமும் காற்றுப்படும் ஒன்பது அங்குலச் சுவருக்கு அதன்படி நான்கைந்து மாதங்கள் ஆகும். ஒரு வாரம் இயந்திரம் ஓட்டினால் அறைக்காற்றும் பூச்சின் மேற்பகுதியும் பூஞ்சை பிடிக்காத அளவுக்கு உலரும். அதற்குத்தான் பணம் கொடுக்கிறோம். அதைத் தாண்டிய எதையும் யார் உறுதியளித்தாலும் நம்ப வேண்டாம். மின்கட்டணமும் சிந்திக்க வேண்டிய விஷயம்: ஐந்து இயந்திரங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐம்பது யூனிட்டுக்கு மேல் இழுத்தன. இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், அந்தமுறை வந்த ரசீது எங்களை மலைக்கவைத்தது. விலைப்பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மோல்ட் ரெமெடியேஷன் என்ற வரிக்கு எங்கள் வீட்டில் ஓர் அலமாரி மட்டுமே உரியதாக இருந்தது. ஈரம் கிடைத்த ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். படுக்கையறை அலமாரி சாதாரண பிளைவுட்; அடுக்குகள் பிரிந்து, பின்பலகையில் கரும்பச்சை வட்டங்கள் படர்ந்திருந்தன. சமையலறை அலமாரி கொதிநீர் தாங்கும் வகை என்று தச்சர் வற்புறுத்திச் செய்தது. ஐந்து நாள் ஊறியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பூஞ்சையைக் கொன்றால் போதாது, அகற்ற வேண்டும் என்பதே இந்த வேலையின் அடிப்படை; செத்த பூஞ்சையின் வித்துகளும் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டக்கூடியவை. அறைவாசலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய இயந்திரத்தை ஓடவிட்டு, அலமாரியை உள்ளேயே துண்டுகளாக்கிக் கட்டி வெளியே எடுத்தார்கள். ஆஸ்துமா உள்ள என் மாமியார் மாடியில் இருந்தார். அவருக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. இந்த வரிக்குக் கொடுத்த பணத்தில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

கன்டென்ட்ஸ் என்பது வீட்டுப் பொருள்கள். எதை மீட்கலாம், எதை எறிய வேண்டும் என்று பிரிப்பதே அதில் முக்கிய வேலை. மூன்றாம் வகைத் தண்ணீரில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோஃபா எதுவும் மீளாது. எவர்சில்வர், கண்ணாடி, கெட்டித் தேக்கு எல்லாம் மீளும். கீழ் டிராயரில் இருந்த கிரயப் பத்திரமும் என் பெற்றோரின் கல்யாணப் படங்களும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்கு நிறுவனத்திடம் எந்த ஏற்பாடும் இல்லை. வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள். நல்லவேளையாக, ஆவணக்காப்பகத்தில் பணியாற்றிய உறவினர் ஒருவர், அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு மாடி ஃபிரிஜ்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடும்படி தொலைபேசியில் சொன்னார். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. அவசரப்பட்டுப் பிரித்துக் கிழிக்காமல், பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாக எடுத்து, உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து உலர்த்தலாம். பத்திரம் முழுதாகத் தேறியது. படங்களில் நான்கு போயின. பொருள் மீட்பு என்று பட்டியலில் எழுதும் நிறுவனம் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவில் தரத் தொடங்கிய பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக்காப்பீட்டு பாலிசி எங்களிடம் இருந்தது; புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். இடிபாடு, குப்பை அகற்றும் நியாயமான செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை அதில் இடமுண்டு. சேதம் பெருகாமல் தடுப்பது நம் கடமை என்பதால், சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயர் வரும்வரை தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கத் தேவையில்லை. இறைப்பதற்கு முன் சுவரில் நீர்க்கோடு தெரியும்படி படம் எடுத்தால் போதும். நிறுவனம் தினமும் எழுதிய ஈர அளவுகளின் பதிவேட்டைச் சர்வேயர் ஆர்வமாக வாங்கிப் பார்த்தார். அவர்கள் கொடுத்த காகிதங்களிலேயே மிகவும் பயன்பட்டது அதுதான்.

மொத்தத்தில் 56,000 ரூபாயும் ஜிஎஸ்டியுமாக 66,080 ரூபாய் கொடுத்தோம். இறைத்தல், சேறகற்றல், கிருமிநீக்கம், பூஞ்சை அகற்றல் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். உலர்த்தலுக்கு மூன்று, கருவியும் கைத்திறனும் இருந்தும், எண்ணைப் பார்க்காமல் நாளை எண்ணியதற்காக அரைப்பங்குக்கு மேல் குறைக்கத் தோன்றியது, அந்த இளைஞருக்காகவே மூன்று. விலைப்பட்டியலுக்கு ஒன்று. முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு நாள் தண்ணீர் நின்ற வீட்டுக்கு இந்தச் செலவு தேவைப்படாது; இரண்டு ஆள் வைத்துக் கழுவி, டீஹியூமிடிஃபையரை மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். முதியவர்களோ மூச்சுக்கோளாறு உள்ளவர்களோ இருக்கும் வீடு, மூன்று நாளுக்கு மேல் தண்ணீர் நின்ற வீடு என்றால் அழைக்கலாம். அழைக்கும்போது டிரை ஸ்டான்டர்டை எழுத்தில் கேளுங்கள், அந்த எண்ணை எட்டும்வரை உலர்த்துவதற்கு எவ்வளவு என்று விலை பேசுங்கள், பெயின்டை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள்.

பிப்ரவரியில் கூடத்துச் சுவரின் அடியில் பஞ்சுபோல வெள்ளையாக உப்புப் பூத்தது. ஈரம் வெளியேறும்போது செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பரப்பில் விட்டுச்செல்வதால் வருவது அது. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாரி வெளியே கொட்டினோம். மார்ச்சில் மறுபடி பூத்தது, ஏப்ரலில் குறைந்தது. மே கடைசி வாரத்தில் அந்த இளைஞர் மீட்டரோடு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை, மோர் மட்டும் குடித்தார். மேல்தளச் சுவர் 12, கூடம் 14, படுக்கையறை மூலை 19. மூலையை மட்டும் விட்டுவிட்டு, மற்றச் சுவர்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் பெயின்ட் அடித்தோம்.